நூற்றுப்பதினேழாவது கிளையின் சித்தப்பா

சல்லிசு ஸ்டோர்ஸின் நூற்றுப்பதினேழாவது கிளையை எல்லை தாண்டிக் கூட்டிக்கொண்டுபோய் விடும் பொறுப்பு கலியபெருமாளுக்கு வந்தது. கிளைக்கு அப்போது நான்கு மாதம். ஒரு துணி அலமாரி உயரம் இருந்தது. ஒரு ஷட்டர், ஒரு பெயர்ப்பலகை, ஒரு குளிர்பெட்டி, ஒரு பில் மெஷின், நான்கு தட்டுப் பலசரக்கு. ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

கலியபெருமாள் அந்தக் கம்பெனியின் விரிவாக்கப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்தார். பிரிவில் அவர் ஒருவர்தான். கடைகளைக் கும்பகோணத்தில் சின்னதாக வைத்து நடக்கப் பழக்குவார்கள். நடக்க ஆரம்பித்ததும் கலியபெருமாள் அழைத்துப்போய் ஒரு ஊரில் விட்டுவிட்டு வருவார். விட்ட இடத்தில் கடை நாளுக்கு நாலடி வளரும். பக்கத்துக் கடைகள் அதற்குள்ளே போய்விடும். ஆறே மாதத்தில் அந்த ஊரில் எல்லாமும் மலிவாகக் கிடைக்கும். ஜனங்களுக்குச் சந்தோஷம். கலியபெருமாளுக்கும் சந்தோஷம்தான். திரும்பி வரும்போது மட்டும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார மாட்டார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கு விண்ணப்பம் போட மறந்துவிட்டார்.

"வெளிநாடு," என்றார் முதலாளி. "கடலுக்கு அந்தாண்ட. பருத்தித்துறை. இங்க இடம் தீந்துபோச்சு. நேத்து நம்ம அரியலூர் கிளையும் பெரம்பலூர் கிளையும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிச்சு."

"சண்டை வந்துச்சுங்களா?"

"இல்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தள்ளுபடி குடுத்துக்கிச்சு."

"அப்ப சரிங்க," என்றார் கலியபெருமாள்.

காலையில் கோடியக்கரை பஸ் பிடித்தார்கள். கடை படியேறச் சிரமப்பட்டது. கலியபெருமாள் பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தார். கண்டக்டர் வந்து கடையை மேலும் கீழும் பார்த்தார்.

"வயசு?"

"நாலு மாசம்."

"அப்ப டிக்கெட் இல்ல. மடியில வச்சுக்கங்க."

கலியபெருமாள் மடியில் வைத்துக்கொண்டார். கனமாக இருந்தது, ஆனால் குளிர்பெட்டி தொடைமேல் இதமாக இருந்தது. கடையின் பில் மெஷின் கிர்ரென்று ஒரு சீட்டை நீட்டியது. கண்டக்டர் கிழித்துப் படித்தார். 'நன்றி. மீண்டும் வருக' என்று இருந்தது.

"நல்லாப் பேசுது," என்றார் கண்டக்டர்.

"ரெண்டு வாக்கியம் தெரியும்," என்றார் கலியபெருமாள். தன்னை அறியாமல் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார்.

எல்லை அலுவலகம் கடற்கரையில் இருந்தது. உள்ளே ஒரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் செண்பகவல்லி என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நீண்ட வராந்தா தொடங்கிக் கடலுக்கு மேலே போனது. அதன் மறுமுனை கண்ணுக்குத் தெரியவில்லை.

"கடைக்குப் பொறந்த தேதி?"

"திறப்புவிழா நடக்குற அன்னிக்குங்க."

"நடந்துடுச்சா?"

"அந்தப்பக்கம் போனாத்தான் நடக்கும்."

"அப்ப இன்னும் பொறக்கல. பொறக்காததுக்குப் பாஸ்போர்ட் கிடையாது."

"பாஸ்போர்ட் இல்லாம அந்தப்பக்கம் போக முடியாதுங்களே."

"முடியாது."

"அப்ப பொறக்கவே முடியாது."

"ஆமா," என்றார் செண்பகவல்லி. கணக்கு சரியாக வந்ததில் இருவருக்கும் திருப்தி. பிறகு செண்பகவல்லி இழுப்பறையிலிருந்து வேறொரு படிவம் எடுத்தார்.

"சின்னதா இருக்குறதால உறவுக்காரங்க பாஸ்போர்ட்ல போகலாம். நீங்க இதுக்கு என்ன வேணும்?"

"விரிவாக்கப் பிரிவு."

"அது உறவு இல்ல. பெரியப்பா, சித்தப்பா, மாமா. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

கலியபெருமாள் கடையைப் பார்த்தார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு சுவரோரம் நின்றது.

"சித்தப்பா," என்றார்.

"அப்படின்னா உங்களுக்கு அண்ணன் இருக்கணும். அவர் பேரு?"

"எனக்கு அண்ணன் இல்லிங்க."

"அதான், அந்த இல்லாத அண்ணன் பேரு."

கலியபெருமாள் யோசித்து, "தியாகேசன்," என்றார். சொன்னதுமே தியாகேசன் இடதுகைக்காரர் என்பது நினைவுக்கு வந்தது. அரசலாற்றில் கலியபெருமாளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பொங்கலுக்கு வாங்கிய ஒரே சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் பனியனோடு திரிந்தவர்.

"இப்ப இருக்காரா?"

"இல்லிங்களே," என்றார் கலியபெருமாள்.

"அப்ப பிள்ளைக்கு நீங்கதான் பொறுப்பு," என்றார் செண்பகவல்லி. முத்திரை குத்தினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கலியபெருமாள் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் அனுமதி. பிள்ளைய விட்டுட்டு நாலுக்குள்ள திரும்பிடணும்," என்றார் செண்பகவல்லி.

வராந்தாவில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே கடல். நடக்க நடக்க வராந்தா நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. கலியபெருமாள் ஒரு வழி கண்டுபிடித்தார். வேறு எதையோ தேடுவதுபோல் நடந்தால் அது கவனிக்காமல் நீளாமல் இருந்தது. பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே பத்து மைல் கடந்தார்.

நடுவில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு முன்னால் கடை நின்றுவிட்டது. தன் விளக்கை அணைத்துக்கொண்டது.

"என்ன?" என்று கேட்டார் கலியபெருமாள்.

பில் மெஷின் ஒரு சீட்டை நீட்டியது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

கடைக்குத் தெரிந்த இரண்டாவது வாக்கியம் அது. கலியபெருமாள் அதை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கடையும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அவரும் எந்தக் கடையிடமும் என்னவென்று கேட்டதில்லை.

கோட்டின்மேல் உட்கார்ந்தார். கடையும் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நான் கூட இருக்கேன்டா," என்றார். நாலு மணி அனுமதி சட்டைப்பையில் மடித்து இருந்தது. சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். கடைக்குத் தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்தது. கலியபெருமாளுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

கோட்டுக்கு அந்தப்பக்கம் அந்த நாட்டு அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"உவர் ஆர்?"

"எங்க அண்ணன் பிள்ளைங்க."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "முகச்சாடை இருக்குது," என்றார். ஒரு படிவத்தை நீட்டினார். "போற இடத்திலை இதை நிரப்பவேணும். தாய்க்கடை எண்ட இடத்தை வெறுமையா விடாதேங்கோ."

"தாய்க்கடைன்னா எங்க தலைமை அலுவலகம்தாங்க."

"அலுவலகம் பிள்ளை பெறாது, ஐயா. கடைதான் பெறும்."

கலியபெருமாள் படிவத்தை வாங்கிக்கொண்டார். சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

வராந்தா ஒரு கதவில் முடிந்தது. திறந்தால் அது ஒரு கடையின் பின்கதவு. உள்ளே சுவரெங்கும் தட்டுகள். சின்ன ஓலைப்பெட்டிகளில் கருப்பட்டி அடைத்த பனங்கட்டிக் குட்டான், காயவைத்த பனங்கிழங்கான ஒடியல், சோப்பு, சிவப்பரிசி மூட்டை. மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். மேசைக்கு மேலே தொங்கிய பலகையில் 'யோகநாயகி ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருந்தது. கலியபெருமாள் கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார். நூற்றுப்பதினேழாவது கிளையை விடவேண்டிய விலாசமும் அதுதான்.

"வாங்கோ," என்றார் யோகநாயகி. "உது என்ன?"

"கடைங்க. இங்க வளரப்போவுது."

"அப்ப என்ரை கடை?"

இந்தக் கேள்விக்குக் கம்பெனி ஒரு கையேடு கொடுத்திருந்தது. கலியபெருமாள் ஒன்பதாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். 'கவலைப்படாதீர்கள்' என்று அச்சிட்டிருந்தது. கீழே சிரித்த முகத்தோடு ஒருவர் படம்.

யோகநாயகி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த மனுசன் கவலையாத்தானே இருக்கிறார்," என்றார்.

கலியபெருமாளும் உற்றுப் பார்த்தார். உண்மைதான். நூற்றுப்பதினாறு தடவை காட்டியும் அவர் அதைக் கவனித்ததில்லை.

"முந்தின இடங்களிலை பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் என்ன ஆச்சினம், தம்பி? உண்மையைச் சொல்லுங்கோ."

கலியபெருமாள் இருபத்திரண்டு வருடத்து உண்மையைச் சொன்னார். முப்பத்திரண்டாவது கிளைக்குப் பக்கத்தில் வெற்றிலைக்கடை வைத்திருந்தவர் தராசாகிவிட்டார். துல்லியமான தராசு, யாரும் குறை சொல்ல முடியாது. வேறொரு ஊரில் ஒரு அம்மாள் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் அவளே வரிசை ஆகிவிட்டாள். ஜனங்கள் அவள்மேல் நிற்கிறார்கள்.

யோகநாயகி கோபப்படவில்லை. பேப்பரை மடித்து வைத்தார். கடை இதற்குள் உள்ளே போய் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு நின்றது. அதன் குளிர்பெட்டி மெல்ல முனகியது.

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"இதெல்லாம் சாப்பிடுமான்னு தெரியலிங்க."

"இருபத்திரண்டு வருசமா எண்டு சொன்னியள்?"

"நான் கேட்டுப் பாத்ததில்ல."

யோகநாயகி எழுந்துபோய்க் கடையின் மேல்தட்டில் இரண்டு பனங்கட்டிக் குட்டான் வைத்தார். அடுத்த தட்டில் ஒரு கட்டு ஒடியல். கடையின் பெயர்ப்பலகை பளிச்சென்று எரிந்தது. உடனே அது ஓரடி வளர்ந்தது. யோகநாயகியின் அலமாரி ஒன்று கிறீச்சிட்டு நகர்ந்தது.

"ஏய்," என்றார் யோகநாயகி. "வீட்டுக்குள்ளை வளரக்கூடாது. கூரை இடிக்கும்."

கடை நின்றது. பிறகு ஓரடி உள்ளே வாங்கிக்கொண்டது.

கலியபெருமாள் திகைத்துவிட்டார். "எப்படிங்க நிறுத்துனீங்க?"

"சொன்னனான்," என்றார் யோகநாயகி. "நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

அவர் சொன்னதில்லை. சொல்லலாம் என்று கையேட்டில் இல்லை.

யோகநாயகி படிவத்தை வாங்கித் தானே நிரப்பினார். தாய்க்கடை என்ற இடத்தில் 'யோகநாயகி ஸ்டோர்ஸ், 31 வருடம்' என்று எழுதினார். அடுத்த கேள்வியில் பேனா நின்றது.

"கூடப்பிறந்ததுகள் எத்தினை?"

"நூத்திப் பதினாறுங்க."

"எல்லாத்தையும் நீங்கள்தான் கூட்டிக்கொண்டுபோய் விட்டனீங்கள்?"

"ஆமாங்க."

"தனிய விட்டிட்டு வந்தனீங்கள்?"

கலியபெருமாள் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "தனியாத்தாங்க," என்றார்.

யோகநாயகி 116 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேசையிலிருந்த தொலைபேசி உடனே அடித்தது. கும்பகோணத்திலிருந்து முதலாளி. கலியபெருமாள் எடுத்தார்.

"கலியபெருமாள், வாழ்த்துக்கள். நாம எல்லை தாண்டிட்டோம்."

"ஆமாங்க."

"தாய்க்கடை மாறிட்டதா இப்பத்தான் தகவல் வந்துச்சு. நாம எல்லாரும் இப்ப பருத்தித்துறைக் கடையோட கிளை. நானும்."

"உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லிங்களே?"

முதலாளி யோசித்தார். "இல்ல. மத்தியானம் தூங்கலாம்போல இருக்கு. இருபது வருசமா அப்படித் தோணுனதில்ல. சரி, உன் அனுமதி நாலு மணிக்கு முடியுதுல்ல?"

"ஆமாங்க."

"முடியாது. நீ இப்ப அந்த ஊர்க் கடையோட ஆளு. இங்க வர்றதுக்குத்தான் உனக்கு அனுமதி வேணும்."

கலியபெருமாள் திரும்பிப் பார்த்தார். கடை மூட்டையில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. மார்பில் ஏதோ ஒன்று இறங்கி, உட்கார இடம் கண்டுகொண்டது.

"அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேளு," என்றார் முதலாளி. "அடுத்து நாம எந்த நாடு? எவ்வளவு வளரணும்? இங்க வரைபடம் விரிச்சு வச்சிருக்கோம். எல்லாரும் பென்சிலோட நிக்கிறாங்க."

கலியபெருமாள் கேட்டார். யோகநாயகி வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். ஒரு சைக்கிள் போனது. கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது.

"காணும்," என்றார்.

"காணும்கிறாங்க," என்றார் கலியபெருமாள் தொலைபேசியில்.

"என்னத்தக் காணும்? எது காணாம போச்சு?"

"காணாம போகலிங்க. இந்த ஊர்ல அதுக்கு அர்த்தம், போதும்."

எதிர்முனையில் ஒரு பென்சில் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு முதலாளி தாழ்ந்த குரலில் பேசினார்.

"அந்த வார்த்தை நம்ம கம்பெனியில இல்லியே. எப்படி எழுதுறது?"

கலியபெருமாள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். போ. து. ம். முதலாளி பக்கத்திலிருப்பவருக்கு அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. அவர் இன்னொருவருக்கு. நிறையப் பென்சில்கள் ஒரே நேரத்தில் எழுதும் சத்தம் கேட்டது.

"எழுதிட்டோம்," என்றார் முதலாளி. "நல்லா இருக்கு பாக்க. இனி என்ன செய்யணும்?"

கலியபெருமாள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, இனி என்ன செய்யணும்னு கேக்குறாங்க," என்றார்.

யோகநாயகி ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். கிண்ணங்கள் வைக்கும் சத்தம் கேட்டது.

"சோறும் சொதியும் இருக்குது. ஆறிப்போகுது. போனை வைச்சிட்டு வாங்கோ."

கலியபெருமாள் அதை அப்படியே முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கை கழுவினார். கடை தன் ஷட்டரைத் தானே இறக்கிவிட்டு, அவருக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்தது.