பத்சேபாளுக்கு யார் போய்ச் சொன்னது

தன்னை மனதில் வைத்து இன்று ஒரு அத்தியாயத்தைத் தாண்டப் போகிறார்கள் என்பது, புரூரியா கதவைத் திறந்த விதத்திலேயே தீர்சாவுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் கதவைத் திறந்து போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறவள், இன்று வாசலிலேயே நின்று அவளுடைய நனைந்த கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"வருவேன்னு நினைக்கலடி. வா, ஹீட்டர் பக்கத்துல உக்காரு."

செவ்வாய்க்கிழமை காலைகளில் இந்த வீட்டில் நாலைந்து யூதப் பெண்கள் கூடி வேதத்தில் வரும் பெண்களைப் பற்றி மட்டும் படிப்பார்கள். "ஆம்பளைங்களைப் பத்தி ரெண்டாயிரம் வருஷமாப் பேசியாச்சு, அவங்க கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லித்தான் புரூரியா இதை ஆரம்பித்தாள். சாமுவேல் புத்தகத்தில் அன்னாள் முடிந்து, மீகாள் முடிந்து, பத்சேபாள் குளிக்கும் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது தீர்சாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பையன் ஏழு நாள் இன்குபேட்டருக்குள் இருந்தான். எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பேர் வைக்கும் சடங்குக்கு முன்பே இறந்துபோனான்.

இன்று மழை காரணமாக வந்திருந்தது பெனின்னா ஒருத்திதான். வயதானவள், காது நன்றாகக் கேட்கும், வேண்டாததைக் கேட்காததுபோல் இருக்கவும் தெரியும். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதிமூணாவது அத்தியாயம்," என்றாள் புரூரியா. "தாமார்."

"பன்னிரண்டு?" என்றாள் தீர்சா.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு, அண்ணன்காரனே தங்கச்சியை நாசம் பண்ண கதையைப் படிக்கலாம்ங்கிற. ரொம்ப நல்ல மனசு உனக்கு."

பெனின்னா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். புரூரியாவின் முகம் சிவந்தது. ஒரு தாளைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

தீர்சாவே வாசித்தாள். தாவீது ராஜாவுக்குப் பத்சேபாள் பெற்ற குழந்தை நோயில் விழுகிறது. தாவீது சாப்பிடாமல் தரையில் கிடக்கிறான். ஏழாம் நாளில் குழந்தை சாகிறது. அதை ராஜாவிடம் சொல்ல வேலைக்காரர்கள் பயப்படுகிறார்கள். அவனே கேட்டுத் தெரிந்துகொள்கிறான். எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, தொழுதுவிட்டு வந்து சாப்பிடுகிறான்.

அங்கே நிறுத்தினாள். வெளியே பஸ் ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. வெகுநேரம் யாரும் பேசவில்லை. இந்த அறையில் அது புதிதல்ல. பேசாமல் உட்கார்ந்திருப்பதற்காகவே தீர்சா பல செவ்வாய்க்கிழமைகள் வந்திருக்கிறாள்.

"ராஜாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அத்தனை பேர் கூடிக் கூடிப் பேசுறாங்க," என்றாள் கடைசியில். "அவகிட்ட யார் போய்ச் சொன்னது?"

"எழுதலயே," என்றாள் புரூரியா.

"பால் கட்டியிருக்கும் அவளுக்கு. அதை யார் எழுதுவா? பேர்கூட பாரு. குளிக்கும்போது யாரோ கேட்டதுக்கு ஒரு தரம் சொல்றாங்க. அப்புறம் அந்தப் பேரே கிடையாது, செத்துப்போன முதல் புருஷன் உரியாவோட பெண்டாட்டி, அவ்வளவுதான். பிள்ளை செத்த பிறகுதான் மறுபடி பத்சேபாள்." விரலை வரியின்மேல் வைத்தாள். "இந்த ஒரே வசனம். அவன் ஆறுதல் சொல்றான், அவகிட்டப் போறான், அவ பெத்துடறா, சாலொமோன்னு பேரும் வெச்சாச்சு. நடுவுல மூச்சு விடக்கூட இடமில்ல. இதுக்குள்ள எங்கடி உக்காந்து அழுவா?"

புரூரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை போன மறுநாள் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கப்படி அவித்த முட்டையும் பருப்பும் எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான். தீர்சாவின் கணவன் நஃப்தாலி அதை வாசலிலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். முப்பது நாள் நிறையாத குழந்தைக்கு மதச் சட்டப்படி துக்கம் இல்லை. ஏழு நாள் தரையில் உட்கார வேண்டியதில்லை. வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூட வேண்டியதில்லை. தாயைக் கல்லறைக்குக் கூட்டிவரவும் வேண்டாம் என்று, இறந்தவர்களை அடக்கம் செய்கிற சங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"பத்சேபாளோட அந்த மூத்த பிள்ளைக்குப் பேரே இல்ல," என்றாள் தீர்சா. "என் பிள்ளை மாதிரி."

"அப்படிச் சொல்லாத கண்ணு," என்றாள் பெனின்னா. "நம்ம ஊர்ல பேர் இல்லாம மண்ணுல வைக்க மாட்டாங்க. குழி பக்கத்துலயே விருத்தசேதனம் பண்ணி, ஒரு பேரும் வெச்சுதான் மூடுவாங்க. என் வீட்டுக்காரர் அந்தச் சங்கத்துல இருந்தாரே."

தீர்சா அவளையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா?" பெனின்னாவின் குரல் தடுமாறியது. "நஃப்தாலி சொல்லியிருப்பான்னு..."

"இல்ல," என்றாள் தீர்சா. எழுந்து கோட்டைத் தேடினாள். புரூரியா கூடவே பஸ் நிறுத்தம் வரை வந்தாள்.

நஃப்தாலி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் ஈரச் செருப்போடு உள்ளே வந்தவனிடம், செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டாள்.

"அவனுக்கு என்ன பேர் வெச்சாங்க?"

அவன் பையைக் கீழே வைத்தான். யாருக்கு என்று கேட்கவில்லை.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னாங்க. பேர் தெரிஞ்சா பிடிச்சு வெச்சுப்பா, விட மாட்டாளாம்."

"என்ன பேர்?"

"நாகூம்."

அப்படி ஒரு பேரை அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. பிரசவத்துக்கு முன்பே, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள்: ஆண் பிள்ளை என்றால் ஷ்ராகா. போன வருஷம் இறந்துபோன நஃப்தாலியின் அப்பா பேர். பிறந்த பிள்ளையை விருத்தசேதனத்துக்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால், அந்த ஏழு நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் அதை உதட்டைத் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாகூம் யார் சொன்னது?"

"அவங்கதான். இந்த மாதிரிப் போற பிள்ளைங்களுக்கு அவங்க வழக்கமா வைக்கிற பேர். அன்னைக்குக் காலையில இன்னொரு குழந்தையும் இருந்துச்சு. அதுக்கும் அதுதான்."

"நீ ஷ்ராகான்னு சொல்லலியா?"

அவன் சுவரைப் பார்த்தான். "பேர் ஏதாவது நினைச்சு வெச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. நான்... இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"அது அப்பா பேரு, தீர்சா. அதை மண்ணுக்குள்ள போட்டுட்டா, அடுத்தவனுக்கு வைக்க முடியுமா? உயிரோட இருக்கப்போற ஒருத்தனுக்கு இருக்கட்டும்னு..."

மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. தீர்சா சுவரோரமாக மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பிரசவத் தையல் இன்னும் வலித்தது.

"எழுந்திரு. சட்டப்படி நமக்கு இது கிடையாது."

"வேண்டியதில்லைன்னுதான் சட்டம் சொல்லுது. கூடாதுன்னா சொல்லுது?"

"எனக்கு மட்டும் வலிக்கலன்னு நினைக்கிறியா? ரொட்டி அளவுகூட இல்ல அந்த மூட்டை. கார்லயிருந்து நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"தெரியும்," என்றாள். உண்மையிலேயே தெரியும். அதனால்தான் கத்த முடியவில்லை. "நீ தூக்கிட்டுப் போன. பேரை மட்டும் பாக்கெட்ல வெச்சுத் திரும்பக் கொண்டுவந்துட்ட."

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"அடுத்தது ஒண்ணு வந்தா, அதுக்கு வேற பேர் பாரு," என்றாள். "ஷ்ராகா இருந்துட்டுப் போயிட்டான்."

அவன் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கட்டில் முனகுவது கேட்டது. அழுகிறானா, படுத்துவிட்டானா என்று தெரியவில்லை.

அவள் முதல் முறையாக அந்தப் பேரால் அவனை வாய்விட்டுக் கூப்பிட்டாள். "ஷ்ராகா." குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. நாகூம் என்றும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், மண்ணுக்குள் அப்படித்தானே கூப்பிடப்படுவான் என்று. எது அவனுடையது என்று கண்டுபிடிக்க அவன் கண்ணை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அந்தக் கண்கள் திறந்து அவள் பார்த்ததே இல்லை. யார் எப்படிக் கூப்பிட்டும் அவன் ஒருதரமும் திரும்பியதில்லை.