இருபது சொட்டு

கம்பவுண்டர் வேலையில் எனக்கு இருபது வருஷம். மருந்துப் பொடியைத் தேனில் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவதுதான் செங்கல்பட்டில் வெங்கடராகவன் டாக்டரிடம் எனக்கு வாய்த்த பிழைப்பு. மாத்திரை உருட்டுகிற விரல்களை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுகொள்வேன். 1957 ஜனவரியில், திருக்கழுக்குன்றத்துத் தேர்தல் கூட்டத்தில், மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாசாமியின் வலது கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. விரல்களுக்கு நடுவில் மாத்திரைதான் இல்லை.

அப்பாசாமி செய்யூர் பக்கத்து விவசாயி. ஐந்து வருஷமாக எங்கள் எம்.எல்.ஏ. கள்ளுக்கடை மறியலில் மண்டை உடைந்து ஜெயிலுக்குப் போனவர். மதுவிலக்கு வந்த பிறகும் சவுக்குத் தோப்புக்குள் திருட்டுத்தனமாக ஊறல் போட்டவர்களின் பானைகளைத் தன் கையாலேயே உடைத்தவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அன்று மைக்குக்கு முன்னால் நின்றும் முன்வரிசையைத் தாண்டவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது இரண்டு கால்களும் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தன.

"தலைவரு இன்னிக்கு ஏத்திக்கினு வந்துட்டாரு போல கீது," என்று என் பின்னால் ஒருவன் சிரித்தான். அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. செய்ய வேண்டியதை அந்த நேரத்தில் செய்கிற ஜாதகம் எனக்கு இல்லை.

மறுநாளே போய்ப் பேசி அவரை டாக்டரிடம் அழைத்து வந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார், சட்டைப் பித்தானைப் போடச் சொன்னார், கடைசியில் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். பெரிதாகத் தொடங்கிய பெயர் முடியும்போது எறும்பு அளவுக்கு ஆகிவிட்டது.

"பார்க்கின்சன்னு பேர். நடுக்குவாதம். கொறைச்சு வைக்கலாம், போக்க முடியாது," என்றார் டாக்டர். "முகமும் மரத்துண்டு வரும். உள்ளே அழுதாலும் சிரிச்சாலும் வெளியே ஒண்ணும் தெரியாது. வீட்டுல சொல்லி வையுங்கோ. கோவிச்சுண்டிருக்கார்னு நெனச்சுக்கப் போறா."

"வூட்ல கூட வேணாம் சாமி. எலெக்ஷன் முடியட்டும். சீக்காளின்னு தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்?" என்றார் அப்பாசாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "உலகநாதா, நீயும் வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு."

செய்தேன். எம்.எல்.ஏ.வின் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறோம் என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது பெல்லடோனா டிங்சர். வேளைக்கு இருபது சொட்டு, தண்ணீரில் கலந்து. டிங்சர் என்றாலே ஸ்பிரிட்டில் ஊறியதுதான். குடியை ஒழிக்கப் புறப்பட்ட மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்குவார். பாட்டில் அவர் பையில் இருந்தால் ஊர் பேசும் என்று, நான் லீவு போட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துப் போனேன்.

பிப்ரவரியில் மகாபலிபுரத்தில் கூட்டம். சாயங்காலம் நாலு மணி, மணலில் மேடை. காருக்குள் அவர் கை முழங்கை வரைக்கும் உதறிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடா. இன்னிக்கு ஒரு நாள் நின்னா போதும்," என்றார்.

டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கூட்டக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். நான் எண்ணாமல் ஊற்றினேன். ஐம்பதுக்கு மேலேயே விழுந்திருக்கும்.

கூட்டம் தொடங்கி அவர் முறை வருவதற்குள் கை நின்றுவிட்டது. ஆனால் முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது, நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து மைக்கைப் பிடிக்கப் போனவர் மைக்கோடு சரிந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரி ஓடி வந்தார்கள். தூக்கிவிட்ட ஏட்டு முகர்ந்து பார்த்தார். ஸ்பிரிட் வாடை. ஊருக்கு ஒரு சட்டம், தலைவருக்கு ஒரு சட்டமா என்று கூட்டம் கத்த, ஏட்டுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

நானும் கூடவே போனேன். கொண்டுபோய் நிறுத்திய ஆஸ்பத்திரியில் சர்க்கார் டாக்டர் சின்ன வயசுக்காரர். குடித்தவனைச் சோதிப்பதற்கென்றே அச்சடித்த பாரம் வைத்திருந்தார். வாடை, கண்பாவை, நடை, பேச்சு. கண்பாவையை மருந்து விரித்திருந்தது. நடையை நோய் கெடுத்திருந்தது. மிச்சத்தை நான் ஊற்றியிருந்தேன். அவர் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் அவர் நிமிர்ந்து, "மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?" என்று பொதுவாகக் கேட்டார். அப்பாசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொழகொழவென்று சத்தம்தான் வந்தது. டாக்டர் அதையும் பேச்சுக்கு நேரே எழுதிக்கொண்டார்.

பாட்டில் என் ஜிப்பாப் பையில் இருந்தது. அறையில் ஏட்டும் எதிர்க்கட்சிக்காரர் இரண்டு பேரும் நின்றார்கள். சொன்னால் அவர் நோய் ஊருக்குத் தெரியும், நான் எண்ணாமல் ஊற்றியதும் தெரியும். சொல்லட்டுமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சொல்லாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

மயக்கம் தெளிந்த பிறகு அவரே மருந்து என்று சொன்னார். வெங்கடராகவன் டாக்டரும் கடிதம் கொடுத்தார். போதைக்காக இஞ்சி டிங்சர் குடித்து மாட்டுகிறவன் எல்லாம் சொல்கிற சாக்குதானே என்று ஊர் சிரித்தது. கூட இருந்த கம்பவுண்டரே தெரியாது என்றுவிட்டானே என்றார்கள். தேர்தலில் தோற்றார். யாரோ ஒரு கள்ளுப் பானையை அவர் வீட்டு வேலியில் கட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. செய்யூருக்கு பஸ் ஏறினேன். அவர் மனைவி சாரதாம்பாள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தார்.

"அன்னிக்கு... உன்னையே பாத்துகினு இருந்தேன். சொல்லுடா, சொல்லுடான்னு... கெஞ்சிகினு இருந்தேன். மூஞ்சில... தெரியலியா?"

முகம் மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவன் நான்தான்.

வாயோரம் வழிந்த கஞ்சியைச் சாரதாம்பாள் முந்தானையால் துடைத்தாள். கோபத்தில் சொல்கிறாரா, மன்னித்துவிட்டுச் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள, மறுபடியும் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.