கெராங் தீவில் ஓர் அம்மன்

நாகையாவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் இந்தப் பாடே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் வேனில் ஆள் ஏற்றி, கிள்ளான் துறைமுகத்தில் படகு மாற்றி, கெராங் தீவைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். தீவின் அசல் வரலாறு ஒன்றரை நிமிஷம்கூடத் தாங்காது. வெள்ளைக்காரன் காலத்தில் கலங்கரை விளக்கம் கட்டினார்கள், கல் சுமக்க நம்மாட்கள் போனார்கள், கட்டடம் இடிந்தது, ஆட்கள் திரும்பிவிட்டார்கள். இதைக் கேட்க யார் வெயிலில் நிற்பார்கள்?

போன வருஷம் வந்த கோயில் கூட்டம் கொட்டாவி விட்டது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. கரையில் கிடந்த கறுப்புப் பாறையைக் காட்டி, கல் சுமந்த பெண்கள் கும்பிட்ட அம்மன் இதுதான் என்று ஒரு கதையை எடுத்துவிட்டார். கொட்டாவி விட்டவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த மாசம் பாறைக்கு மஞ்சள் சேலை. அதற்கடுத்த மாசம் தகரக் கூரை. வேன் கொள்ளாத ஆள். நாகையா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார், பாவி.

ஷாமினி வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. கடலாமைகளைக் காக்கும் குழுவில் இருக்கும் கிள்ளான் பெண் அவள். பாறைக்கு நேர் முன்னால் ஆமை ஒன்று நூறு முட்டைக்குமேல் இட்டிருந்தது. சுற்றிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தாள். ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் இந்தக் கரைக்கு ஆமை வந்திருக்கு அங்கிள், இன்னும் பன்னிரண்டு நாளில் குஞ்சு வெளியே வந்துடும் என்றாள். இப்போது தோண்டி இடம் மாற்றினால் செத்துவிடுமாம்.

அந்த இடத்தில்தான் கோயில் தலைவர் கார்த்திகேசு சிமெண்டு மேடை போட நாள் குறித்திருந்தார். பன்னிரண்டே நாள் தள்ளிவைக்கச் சொல்லி நாகையா கெஞ்சிப் பார்த்தார். குறித்த முகூர்த்தத்தை மாற்றினால் தெய்வக் குற்றம் என்றார் தலைவர். அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டால், சாமி விஷயம் சென்சிட்டிவ் பாஸ், லெட்டர் எழுதிப் போடுங்க என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. ஷாமினி கயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நாலு பெண்கள் அவளை அன்பாகவே கைத்தாங்கலாக எழுப்பி, நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அடிதடிச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

நாகையா வெட்கத்தை விட்டார். கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னார்:

"தலைவரே, இங்க அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கட்டிவிட்ட கதை. இது வெறும் கல்லு."

திட்டுவார்கள், அடிக்கவும் அடிப்பார்கள், அடிக்கட்டும், வேலை நின்றால் போதும் என்றுதான் நினைத்தார். கார்த்திகேசுவுக்குக் கோபமே வரவில்லை. கண்தான் கலங்கியது.

"நீங்களா சொன்னீங்க? அம்மாதான் உங்க வாயில உட்கார்ந்து சொன்னா லா. என் மக எட்டு வருஷம் கழிச்சு முழுகாம இருக்கா. கல்லா குடுத்துச்சு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனுஷன் வாயால் கெடப்போவது மண்ணுக்குள் கிடக்கிற நூறு உயிர்.

அம்மனை அடையாளம் காட்டியவர் என்று அவருக்கு மாலை போட்டார்கள். முதல் கரண்டி அவர் கையால்தான் விழ வேண்டும் என்றார்கள். கையை இழுத்துக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துப் பத்துக் கைகள் அவர் கையைப் பிடித்துச் சாய்த்தன. சிமெண்டு விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஷாமினி மோர் டம்ளரைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

நாகையா சுற்றிலும் பார்த்தார். இனி யாரிடம் போய்க் கேட்பது? மஞ்சள் சேலை கட்டிய அந்தக் கல்லின் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே, அதுங்கள எப்படியாவது வெளிய விட்டுடு."