மெத்தையில் இரண்டு பள்ளங்கள்

சகல பொதுமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், மாநகராட்சியின் அயராத முயற்சியால் நகரத்தின் பொது நிலங்களில் வீடற்றோர் எவரும் இனி இல்லை. பூங்காக்களும் பாலத்தடிகளும் பளிங்குபோல் விளங்குகின்றன.

இந்த மகத்தான சாதனையில் ஒரு துண்டு, மாநகராட்சி லாரி ஓட்டுநரின் வீட்டில் சுவரோரம் கிடந்தது. மைதானத்தில் தங்கியிருந்தவர்களை அப்புறப்படுத்தியபோது அள்ளிய சாமான்களில் உருப்படியாக இருந்த ஒரு மெத்தையை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

"இதைத் தூக்கிட்டுப் போறீங்களா, இல்ல நான் கிளம்பட்டுமா?" மதியச் சாப்பாட்டுக்கு வந்தவனை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"வெயில்ல போட்டுத் தட்டியாச்சு, உறை மாத்தியாச்சு. இன்னும் என்னடி?"

"பாப்பாவைப் பாருங்க."

மெத்தையில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, ஒருத்தி ஒருக்களித்துப் படுத்த நீளம். அதன் வயிற்றோரம் ஒட்டினாற்போல் சின்னதாக இன்னொன்று. கைக்குழந்தையை எந்த மூலையில் கிடத்தினாலும் சரிந்துபோய் அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் அடங்கியது, அளவெடுத்துத் தைத்த மாதிரி. பக்கத்தில் படுத்தால், யாரோ இப்போதுதான் எழுந்து இடம் விட்டது போல் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"அந்தப் பொம்பளையை எங்க கொண்டுபோய் விட்டீங்க? வீடில்லாதவங்களுக்குக் கட்டின விடுதியிலயா?"

"விடுதியை இன்னும் திறக்கல. ரிப்பன் வெட்டுறவருக்குத் தேதி ஒத்துவரல."

"அப்ப எங்கதான்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம். அது பக்கத்து நகராட்சி நிலம். நம்ம கணக்குல வராது."

"அங்க என்ன இருக்கு?"

"பலகையோட முதுகு இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வண்டியை எடுங்க. அவ கையில நானே குடுக்கணும்."

"சர்க்கார் வண்டிடி! மேல கேட்டா என்ன சொல்றது?"

"சர்க்கார் வண்டியிலதானே வந்துச்சு? அதுலயே போகட்டும்."

எல்லைக்கு அப்பால் வெறும் பொட்டல். மூன்று அடுப்புக் கற்கள், நடுவே வெதுவெதுப்பு ஆறாத சாம்பல். முள்செடியில் ஈரம் காயாத குழந்தைத் துணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாததால், "அக்கா... அக்கா..." என்று நாலு பக்கமும் கூப்பிட்டுப் பார்த்தாள். தோளில் கிடந்த குழந்தை மட்டும் தலைதூக்கி, யாருமில்லாத திசையைப் பார்த்துச் சிரித்தது.

ஓட்டுநர் குனிந்து மண்ணில் பதிந்திருந்த டயர்த் தடத்தைப் பார்த்தான். புதுசு. அவன் வண்டியுடையது அல்ல.

பக்கத்து நகராட்சியிடமும் ஒரு லாரி இருந்தது.