விளக்கடி மேனேஜர்

வாலில் பாதி போய்விட்டது. மீதிக்கு மருந்து போட்டு மடியில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள் மகள். நாள் முழுக்க விளக்கடியில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுகிற இகுவானாவுக்கு, அந்தப் பெரிய வளர்ப்புப் பல்லிக்கு, மேனேஜர் என்று பேர் வைத்தது அப்பாதான். நேற்று அதை நாய் வாயில் கொடுத்ததும் அப்பாதான். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே எழுந்து கதவை விரியத் திறந்துவிட்டு நிற்கிற பழக்கம் அப்பாவுக்கு. நேற்று வீட்டுக்காரருக்கு முன்னால் அவருடைய நாய் நுழைந்துவிட்டது.

பச்சை உடம்பு கரியாய்க் கறுத்திருந்தது. ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. தடவினால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

"பல்லிக்கு லீவு போட்ட மகராசி நீ ஒருத்திதான்."

"நாய்க்குக் கதவு திறந்த மகராசன் நீங்க ஒருத்தர்தான்."

அவள் கால்நடை டாக்டருக்கு போன் போட்டாள்.

"தடவிக் குடுத்தா சொகமா கண்ண மூடிக்கிறான் டாக்டர். ஆனா சாப்பிட மாட்டேங்கிறான்."

"அது சொகமில்லம்மா. ஓட வழியில்லேன்னாதான் கண்ண மூடும். நீ எப்ப போவேன்னு காத்துக்கிட்டிருக்கு. கூண்டுல விட்டுட்டு வெளக்கப் போடு. மூணு பக்கமும் துணியால மூடு. கிட்டப் போகாத. இன்னொரு தரம் மெரண்டா தாங்காது."

அவளுக்குச் சுருக்கென்றது. நேற்றிலிருந்து விடாமல் தடவிய கை அது. கூண்டில் விட்டு, மூடி, எட்ட வந்து உட்கார்ந்தாள்.

படியில் செருப்புச் சத்தம். கூடவே நகங்கள் பிராண்டும் சத்தம்.

அப்பா எழுந்துவிட்டார். கை தாழ்ப்பாளுக்குப் போனது. அவள் பாய்ந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் வெளியே வீட்டுக்காரர். "நம்ம பயலையும் கூட்டிட்டு வந்திருக்கேன். பழகிட்டா பயம் போயிடும்."

"தள்ளுடி," அப்பா கிசுகிசுத்தார். "வாசல்ல நிக்க வைக்கிறதா அவர?"

"நிக்கட்டும். அவர் கால் என்ன கண்ணாடியா?"

"படிச்ச திமிரு!"

"ஆமா. அதுக்குத்தானே படிக்க வச்சீங்க?"

வெளியே நாய் ஒருதரம் குரைத்தது. துணிக்குப் பின்னால் கம்பியில் உடம்பு மோதுகிற சத்தம். மறுபடி மோதியது. அப்பா திரும்பிப் பார்த்தார். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். கூண்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இப்ப முடியாதுங்க சார். நாயக் கூட்டிட்டுக் கீழ போங்க. இங்க ஒரு உசிரு பயந்து கெடக்கு."

செருப்புச் சத்தமும் நகச் சத்தமும் படியிறங்கிப் போயின.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"வீட்டக் காலி பண்ணச் சொன்னா?"

"மெதுவாப் பேசுங்கப்பா."

"சொன்னா என்னடி பண்றது?" என்றார், இன்னும் மெதுவாக.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கூண்டுக்குள் கீரை கிழிபடுகிற சத்தம் கேட்டது. அப்பா அவள் கையை இறுக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை.