கடலுக்கடியில் தாளிக்கிற சத்தம்

1

மலையில் உட்கார்ந்து கடலைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்கு மிளகு வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் தன் போனில் கடலின் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். இந்தக் கதைக்கு அதுதான் மூலதனம். அவளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைக்கிறேன்.

முதல் வரி இப்படித்தான் வந்தது: ‘நீலக் கடலின் ஆழத்தில் ஆயிரம் வண்ணங்களில்...’ வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.

2

தேன்மொழி கொல்லிமலையிலேயே தேவனூர் நாட்டுக்காரி. தூத்துக்குடியில் பவளப்பாறை* மீன்களை ஆராய்கிறாள். போன கோடையில் கடல்நீர் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறியதில் அவள் பார்த்துவந்த பவளத் திட்டு வெளுத்து, பெரும்பகுதி செத்துவிட்டது. ஒளிய இடமில்லாமல் மீன்களும் போய்விட்டன. ஒரு மூலையில் மட்டும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

(*பாறை என்று நாம்தான் சொல்கிறோம். அது சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய ஊர். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.)

திறந்த கடலில் மிதக்கும் நகமளவு மீன்குஞ்சு, நிலா இல்லாத இருட்டில், உயிருள்ள திட்டின் சத்தத்தைக் கேட்டுத்தான் வீடு தேடி வருமாம். செத்த திட்டில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். ஆகவே, செழிப்பான திட்டின் சத்தத்தைப் பதிவுசெய்து, செத்த திட்டருகே ஒலிபெருக்கியை இறக்கி ஒலிக்கவிடலாம் என்பது தேன்மொழியின் திட்டம். நான் வாயைப் பிளந்தேன். நீங்களும் பிளக்கலாம், காசா பணமா.

3

விடுமுறைக்கு ஊர் வந்தவள் வீட்டில் அந்தப் பதிவைப் போட்டாள். மிளகுக் கொடி பார்த்துவிட்டு வந்து அசந்திருந்த அண்ணன் மணிவண்ணன் துள்ளி எழுந்தான்.

“கண்ணு, தாளிச்சது கருகுது பாரு!”

அடுப்படிக்கு ஓடிப் பார்த்தால் அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

“அது கடலுங்ணா. இறாலுங்க சொடுக்கற சத்தம். இதக் கேட்டுத்தான் குஞ்சுங்க வரும்.”

மணிவண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப சாமைச் சோறு ஆக்காமயே தாளிக்கற சத்தத்த மட்டும் போடப்போற. சாப்பாடுன்னு ஓடியாரதுக எங்க உக்காரும்?”

தேன்மொழி திகைத்துப்போய்... இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன்னைத்தானே அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. குஞ்சுகள் வந்து பாசியை மேய்ந்தால் திட்டு பிழைக்கலாம். ஒளிய இடம் போதாவிட்டால் வந்தவை பெரிய மீன்களுக்கு இரை.

“எதுவுமே வராட்டி, பாசி மூடி அந்த மூலையும் செத்துருமுங்ணா.” அவள் பதிவை நிறுத்தினாள்.

மணிவண்ணனின் சிரிப்பு நின்றது. “எனக்கென்ன சாமி தெரியும்? மொளகுன்னா சொல்லுவேன்.”

4

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம். சிக்னல் கிடைக்கும் மேட்டில் தேன்மொழி நிற்கிறாள். தூத்துக்குடியில் ஒலிபெருக்கியோடு படகில் இருக்கும் கூட்டாளி அப்சர் போனில் பேசுகிறான்.

“கடல் அமைதியா இருக்கு தேனு. எறக்கட்டுமா?”

ஒரு முடிவு: ‘எறக்கு’ என்கிறாள். குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்று: ‘வேண்டாம்’ என்கிறாள். யாரும் ஏமாறவில்லை, யாரும் வரவுமில்லை. அந்த அமைதியை என்னால் ஒரு பத்திக்குமேல் தாங்க முடியவில்லை.

இரண்டையும் கிழித்தேன். இத்தனை பெரிய கடலில், இத்தனூண்டு உயிர், காதை மட்டும் நம்பித் தன் வாழ்நாளுக்கான இடத்தைத் தேடுகிறது.

5

நானும் சத்தம் போட்டுத்தான் உங்களை இங்கே வரவழைத்தேன். ஒதுங்க இடம் இருக்கிறதா என்று...

“தேனு, கேக்குதா? எறக்கட்டுமா, வேண்டாமா?”

நான் பேனாவை மூடிவிட்டேன். அப்சருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.