கீறல் விழாத கடிகாரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இப்போது என் கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச் என்னுடையது இல்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாலு இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அது எனக்குத் தெரியாது. நேரம் மட்டும் காட்டுகிறது.

முதல் வரியை இப்படி ஆரம்பித்துப் பார்த்தேன்: 'அலுமினியம் பொய் சொல்லாத உலோகம், அது...' வேண்டாம். உலோகத்தை வைத்துத் தத்துவம் பேசுகிறவனை எனக்கே பிடிக்காது. நேராக ஆட்களிடம் போவோம்.

2

ஜோர்டானின் அம்மான் நகரில் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள் இருவர். கஸ்ஸான் கட்டடங்களுக்கு வெள்ளைக் கல் பதிக்கிறவன். முந்திர் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். இரண்டு வருடத்துக்கு முன் மாமனார் அபூ வஸ்ஃபி இருவருக்கும் ஒரே மாதிரி கறுப்பு அலுமினிய வாட்ச் வாங்கித் தந்தார். முந்திருடையது இன்றும் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. கஸ்ஸானுடையதில் முனைகளில் கறுப்பு உரிந்து வெள்ளை தெரிகிறது. ஓர் ஓரம் நசுங்கியிருக்கிறது. கண்ணாடியில் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். (ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. அத்தனை கல்லில் இடிபட்டும் நிமிடம் தவறவில்லை. பொருளைப் பற்றி மட்டும் எழுதுவதென்றால் இங்கேயே முடித்திருப்பேன்.)

வெள்ளிதோறும் மாமனார் வீட்டில் விருந்து. உட்காரும் முன் இருவரையும் கையை நீட்டச் சொல்வார்.

"டேய் கஸ்ஸான், இது வாட்சா, சுத்தியலா? முந்திர் எப்படி வெச்சிருக்காரு பாரு!"

"அவருக்கு ஏசி ரூம் மாமா. அங்க ஈக்குக்கூட வேர்க்காது."

கஸ்ஸான் சிரிப்பான். உள்ளே வயிறு எரியும். [எரிந்ததா? யார் பார்த்தது? இருக்கட்டும், பொறாமைக்காரன் ஒருவன் இல்லாமல் கதை நகராது.]

3

போன வெள்ளி, பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்வதற்காக இருவரும் வாட்சைக் கழற்றிக் குழாய்க்கு மேலிருக்கும் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கஸ்ஸான் முதலில் கைகால் கழுவி முடித்தான். அவனுடைய ஈரக்கை நீண்டது, தயங்கியது, கீறல் இல்லாததை எடுத்து

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. தெரியாமல் எடுத்தான் என்று ஒரு முறை எழுதினேன். அந்தத் திட்டில் வாட்ச் மாறுவது புதிதல்ல. ஆனால் அவனுடையதைக் கண்ணை மூடித் தடவினாலே தெரியும்.)

4

இதுவரை என்னைக் கஸ்ஸான் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டுமென்றுதான் எழுதினேன். நான் முந்திர். அவன் எடுத்ததைப் பார்த்தேன், கூப்பிடவில்லை. மிஞ்சிய அடிபட்ட வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

வயிறு எரிந்தது எனக்குத்தான். மாமனாரும் ஒரு காலத்தில் கல் பதித்தவர். கஸ்ஸானைத் திட்டித் தீர்ப்பார்; பிறகு மன்ஸஃப் சோற்றுத் தட்டில் ஆட்டின் கன்னக்கறியை விரலால் பிய்த்து அவன் பக்கம் தள்ளுவார். திட்டும் அவனுக்கு, கறியும் அவனுக்கு. எனக்கு வெறும் பாராட்டு.

அன்று கையை நீட்டினோம்.

"என்ன மருமகனே, பேங்க்ல கல்லு உடைக்கிறீங்களா?"

"படியில விழுந்துட்டேன் மாமா."

கஸ்ஸான் தலை நிமிரவில்லை. மாமனார் நசுங்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கன்னக்கறியைப் பிய்த்தார். பழையபடி கஸ்ஸான் பக்கமே தள்ளினார்.

"தின்னுடா கழுதை."

என்னை ஒரு தடவையாவது கழுதை என்று அவர்

(விட்டுவிடுகிறேன்.)

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் கஸ்ஸான் மன்னிப்புக் கேட்கிறான். இன்னொன்றில் நான் கேட்கிறேன். இரண்டையும் கிழித்துப்போட்டேன். அவனுக்கு என் வாட்சின் எண் தெரியாது, எனக்கு அவன் வாட்சின் எண் தெரியாது. யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும். திறந்தால் இந்தக் கீறல்களை நான் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

இன்றும் வெள்ளி. அதே குழாய், அதே திட்டு, இரண்டு வாட்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இந்த முறை முதலில் கழுவி முடிக்கப்போகிறவன் நான். எதை எடுப்பேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.